சிம் வேறு, மன்னிப்பு வேறு

விருதுநகர்
13.9.2025, சனி

அன்புள்ள ராமுத்தாய்க்கு,

நேற்று சாயங்காலத்திலிருந்து பதினேழு தடவை கூப்பிட்டுவிட்டேன். ஒரு தடவை கூட மணி அடிக்கவில்லை. என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று புரிந்துகொண்டேன். லோன் வேணுமா என்று கூப்பிடுகிறவன்களை நிறுத்துவதற்காகப் போன மாதம் நான்தான் அதை உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். நல்ல பிள்ளையாகக் கற்றுக்கொண்டு எனக்கே போட்டுக் காட்டிவிட்டாய். அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கேட்டுவிட்டுத் திட்டு.

மதுரையில் நடக்கிற மரகதம் அம்மா பாட்டுக் கச்சேரிக்கு உன் பெயரிலும் உன் எண்ணிலும்தான் முன்கூட்டிப் பதிந்து வைத்தோம். டிக்கெட்டில் உன் பெயர் இருக்க வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய். வியாழக்கிழமை நீ வேலை முடிந்து வந்ததும் ஓடிபி வந்தது, போனில் வாசித்தாய், நான் அடித்தேன், தளத்துக்குள் நுழைந்தாயிற்று. அத்தோடு தீர்ந்தது, இனிமேல் கேட்காது என்று நினைத்தேன். அதுதான் என் தப்பு.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு விற்பனை திறந்தது. வரிசையில் நமக்கு 31,402-வது இடம். ராமுத்தாய், இருபது வருடமாக இந்த பஜாரில் ஆன்லைன் கடை நடத்துகிறேன். தட்கால் திறந்த ஒன்றரை நிமிடத்தில் நாலு பேருக்கு பெர்த் வாங்கித் தருகிறவள் நான். அந்த எண்ணை நானே இரண்டு தடவை எழுத்துக்கூட்டி வாசித்தேன். நடுநடுவே நான் மனிதர்தானா என்று வேறு கேட்டது. சிக்னல் விளக்கு இருக்கிற படத்தையெல்லாம் தொடச் சொன்னது. ஒரு படத்தில் விளக்கு இல்லை, கம்பம் மட்டும் இருந்தது. அதைத் தொட்டேன். நான் மனிதர் இல்லை என்று சொல்லிவிட்டது.

பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு நம் முறை வந்தது. டி பகுதியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கைகள். எட்டு நிமிடம் கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில் மறுபடியும் ஓடிபி கேட்டது! அது உன் போனுக்குப் போகிறது. உன் போனோ வெடிக்கம்பெனி கேட்டில், மரப்பெட்டிக்குள் கிடக்கிறது.

கேட்டில் இருக்கிற லைன் போனுக்கு அடித்தேன். வாட்ச்மேன் ஆண்டிச்சாமி எடுத்தார். "அண்ணாச்சி, ராமுத்தாய் போன்ல ஆறு நம்பர் வந்திருக்கும், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினேன். "பெட்டியத் தொறந்து அடுத்தவுக செல்ல எடுத்தேன்னா எஞ்சோலி போயிரும் தாயி. நீங்க சாயங்காலம் பேசுங்க" என்று வைத்துவிட்டார். மொத்தம் ஆறு தடவை ஓடிபி அனுப்ப வைத்தேன். எட்டு நிமிடமும் போனது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. வேறு எந்தக் களவாணித்தனமும் இல்லை. போனை எடு.

பல்கீஸ்

*

ஏழாயிரம்பண்ணை
18.9.2025

பல்கீஸுக்கு,

உன் கடிதம் வந்தது. ரொம்ப அழகாக எழுதியிருக்கிறாய். ஒன்றை மட்டும் எழுத மறந்துவிட்டாய், அதை நான் எழுதுகிறேன்.

அன்றைக்கு ஆண்டிச்சாமி அண்ணாச்சி பெட்டியைத் திறக்கவில்லைதான். ஆனால் உள்ளே போன் செய்தி மேல் செய்தியாக விடாமல் அடிப்பதைக் கேட்டு, நம்பர் என்று நீ சொன்னதை நம்பாமல், யாரோ செத்துப்போனார்கள் என்றே முடிவு கட்டிவிட்டார். செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு எங்கள் ஷெட்டு வரைக்கும் நடந்து வந்தார். "ஏத்தா ராமுத்தாயி, ஒன் செல்லு உசுரு போற மாதிரி அடிச்சிக்கிட்டே கெடக்கு. யாருக்கு என்னமோ, வெரசா வா" என்றார். திருப்பூரில் இருக்கிற என் மகன் முகம்தான் முன்னால் வந்து நின்றது. வெடிக்கம்பெனியில் ஓடக் கூடாது என்று உனக்குத் தெரியும். நான் ஓடினேன். சூப்பர்வைசர் முனியராஜ் கத்தினான், அதையும் கேட்காமல் ஓடினேன்.

பெட்டியைத் திறந்தால் ஓடிபி ஆறு வரிசையாக நிற்கிறது. எல்லாம் காலாவதி. மகனுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுகூட உன் மேல் கோபம் இல்லை, பாவம் அவளும் என்ன செய்வாள் என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் வேனில் வரும்போது உன் மகள் மஹ்ரீன் வைத்த ஸ்டேட்டஸைப் பார்த்தேன். மரகதம் கச்சேரிக்கு இரண்டு டிக்கெட். அவளுக்கும் மாப்பிள்ளை சாபிருக்கும். உன் கடையில், உன் மேசையில் வைத்துப் படம் எடுத்திருக்கிறாள். பின்னால் உன் ஜெராக்ஸ் மிஷின் தெரிகிறது.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் பதினெட்டு வரியில் சிக்னல் கம்பத்தைப் பற்றி எழுதத் தெரிந்தவளுக்கு இதை ஒரு வரி எழுத முடியவில்லை பார், அதுதான் எனக்குச் சுடுகிறது. எனக்குச் சூடு என்றால் என்னவென்று உனக்குத் தெரியும்.

மதுரை ஆஸ்பத்திரியில் என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. மறக்க முடிந்தால் டிக்கெட்டே வேண்டாம் என்று விட்டிருப்பேன்.

போனை எடுக்கமாட்டேன். எழுதுவதென்றால் உண்மையை எழுது.

ராமுத்தாய்

*

விருதுநகர்
22.9.2025

ராமுத்தாய்,

உண்மையைக் கேட்டாய். எழுதுகிறேன்.

அன்றைக்கு மஹ்ரீன் கடையில்தான் இருந்தாள். பக்கத்துக் கம்ப்யூட்டரில் தன் எண்ணில் முயற்சி செய்தாள். அவள் முறை பன்னிரண்டு இருபதுக்கே வந்துவிட்டது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, பேரு கேக்குது. ஒங்க பேரும் ராமுத்தாய் அத்தை பேரும் போட்டுறவா?" என்று கேட்டாள். கேட்டாள், ராமுத்தாய். நான்தான், "வேணாம், ஒம்பேரும் மாப்பிள்ள பேரும் போடு, எங்களுக்கு எப்படியும் கெடச்சிரும்" என்றேன்.

தட்கால் எடுத்த திமிர். அது பேசியது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், ஆனால் யானை நாலு பேரிடம் பெருமை பேசிவிட்டுச் சறுக்காது. நமக்குக் கிடைக்காமல் போனதும் எனக்கு முகமே இல்லை. அதனால்தான் முதல் கடிதத்தில் அதை விழுங்கினேன். அந்த டிக்கெட்டில் பெயரையும் மாற்ற முடியாது. ஆதாரைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்களாம். மாற்ற முடியுமா என்று கேட்டு மூன்று மெயில் போட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில், அதுவும் மிஷின் எழுதியது.

ஆஸ்பத்திரியை நான் மறப்பேனா? ஒன்பது வருடமாகிறது. தீக்காய வார்டுக்குள் என்னை விடவில்லை. இரண்டு மாதம், வாரம் இரண்டு தடவை பஸ் ஏறி வந்து அந்த ஜன்னலுக்கு வெளியேதான் நின்றேன். கம்பி வழியாகப் போனை நீட்டி மரகதம் பாடிய மழைப் பாட்டைப் போடுவேன். நீ ஏதாவது பேச வாயெடுப்பாய். "பேசாத. கேளு மட்டும்" என்பேன். நீ எழுந்து நடந்ததும் நேரிலேயே கூட்டிப்போய்க் கேட்க வைக்கிறேன் என்று சொன்னதும் நான்தான். அந்த அம்மா இந்தச் சுற்றோடு மேடையை விடப் போகிறது. இதை விட்டால் நான் சொன்ன சொல் சொல்லாகவே கிடக்கும்.

அதனால் கேள். கூட்டம் தாங்காமல் டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு நாள் அறிவித்திருக்கிறார்கள். முன்பதிவு செய்து கிடைக்காதவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் தனியாக. அக்டோபர் 8, புதன், பகல் பன்னிரண்டு மணி. ஆனால் பழைய எண்ணிலிருந்துதான் வர வேண்டும், மாற்ற முடியாது. அதாவது உன் எண்.

ஒரே ஒரு நாள் லீவு போட்டுவிட்டு என் கடைக்கு வா. போனைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார். வந்த நம்பரை வாசி. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். என் பக்கத்தில் உட்காரப் பிடிக்கவில்லை என்றால் வாசலில் உட்கார்ந்துகூட வாசி.

பல்கீஸ்

*

ஏழாயிரம்பண்ணை
28.9.2025, ஞாயிறு

பல்கீஸுக்கு,

மஹ்ரீன் கேட்டாள் என்பதைப் படித்ததும் அந்தப் பிள்ளையை மனதுக்குள் திட்டியதெல்லாம் வீணாகப் போனது. அவளிடம் சொல்லாதே. திட்டையெல்லாம் உன் கணக்கில் மாற்றிவிட்டேன்.

லீவு கேட்டேன். தீபாவளிக்கு இருபத்திரண்டு நாள்தான் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். வடக்கே போகிற லோடு லாரி தினமும் வாசலில் காத்து நிற்கிறது. முனியராஜ், "ஒரு நா லீவுன்னா அப்படியே தீவாளிக்குப் பெறகு வாங்க மதினி, எடத்துக்கு ஆளு இருக்கு" என்றான். எதற்கு லீவு என்று கேட்டான். பாட்டுக் கச்சேரிக்கு டிக்கெட் எடுக்க என்றேன். ஷெட்டில் ஒன்பது பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, "சிரிச்சாச்சா? மரகதம் பாட்டுக்குத்தான். நான் போகத்தான் போறேன்" என்றேன். ஒருத்தி மட்டும், "எனக்கும் ஒண்ணு எடுக்கா" என்றாள். மற்றவர்கள் பெட்டியை ஒட்டப் போய்விட்டார்கள்.

போனை உள்ளே கொண்டுபோவது நடக்காத காரியம். அதற்கு நானே சம்மதிக்கமாட்டேன். சின்னப் பொறி என்ன செய்யும் என்பதை என் கை பார்த்திருக்கிறது. ஊக்கு, வளையல்கூடக் கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகிறவள் நான். கம்பெனிச் சட்டம் சரியான சட்டம். பன்னிரண்டு மணிக்கு விற்கிறவன்தான் தப்பு. அவனுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் பன்னிரண்டு மணிக்குப் போனும் கையுமாக இருக்கிறவர்கள் போல.

அதனால் யோசித்து ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தின் அடியில் மத்தாப்புப் பெட்டி லேபிள் ஒட்டியிருக்கிறது பார். அதை மெதுவாக உரி. உள்ளே என் சிம் இருக்கிறது.

பதறாதே. நன்றாக யோசித்துத்தான் கழற்றினேன். என் விரல் நுனி எரிந்து வழவழப்பானதிலிருந்து போன் கண்ணாடிக்கு என் விரலைத் தெரியவில்லை. விரலை மடக்கி விரல் முட்டியை வைத்து அழுத்த வேண்டியிருக்கிறது. எட்டு நிமிடத்துக்குள் என்னால் ஒன்றும் ஆகாது. உன் விரல் நன்றாக இருக்கிறது, என் எண் நன்றாக இருக்கிறது, இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டால் ஓடிபி எங்கே தப்பிக்கும்? பேங்க், கேஸ், சம்பளச் செய்தி எல்லாம் இந்த எண்ணில்தான் வருகிறது. மகனிடம் பக்கத்து வீட்டு ராஜகனி எண்ணுக்குப் பேசச் சொல்லிவிட்டேன். "பேங்க் நம்பர அடுத்தவுங்க கையில குடுக்கலாமாம்மா?" என்று குதித்தான். அடுத்தவர்களிடம் கொடுக்கவில்லை என்று சொன்னேன்.

உடனே குளிர்ந்துபோய்விடாதே. மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. சிம் வேறு, மன்னிப்பு வேறு.

இரண்டு டிக்கெட். பக்கத்துப் பக்கத்தில். மேடைக்குத் தூரமாக இருந்தாலும் பரவாயில்லை.

ராமுத்தாய்

*

(அஞ்சலட்டை)

விருதுநகர்
4.10.2025

ராமுத்தாய், நீ அனுப்பிய பொருள் பத்திரமாக வந்து சேர்ந்தது. பூசை விடுமுறையில் தபால் நின்றுபோய் எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பட்டன் போன் ஒன்றில் போட்டு வைத்திருக்கிறேன். இது அட்டை, தபால்காரர் படிப்பார், மேற்கொண்டு எழுதவில்லை. புதன்கிழமை ஒரு கை பார்க்கிறேன்.

பல்கீஸ்

*

விருதுநகர்
8.10.2025, மாலை

அன்புள்ள ராமுத்தாய்,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்றுதான் கிடைத்தது. உன் பெயரில் கிடைத்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். காலையிலேயே, "பகல் ஒரு மணி வரை எந்தச் சான்றிதழும் எடுக்கப்படாது" என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். மூன்று கம்ப்யூட்டர், இரண்டு நெட் இணைப்பு, கரண்டு போனால் தாங்க புது பேட்டரி. வருமானச் சான்றிதழுக்கு வந்த நாகையா என்கிற பெரியவர் மட்டும் போகமாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "என்ன தாயி, பரிச்சை ரிசல்ட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

6,218-வது இடம். போன தடவைக்கு இது தேவலை. நான் மனிதர்தானா என்று கேட்டது. படிக்கட்டு இருக்கிற படம். கைப்பிடிச் சுவரைத் தொடவில்லை, புத்தி வந்துவிட்டது. பன்னிரண்டு இருபத்தாறுக்குக் கதவு திறந்தது. மைதானப் படம் முழுக்கச் சாம்பல் நிறம், எல்லாம் போய்விட்டது. தேடித் தேடிப் பார்த்தேன். இந்தக் கோடியில் ஒரு பச்சைப் புள்ளி, அந்தக் கோடியில் ஒரு பச்சைப் புள்ளி. இரண்டையும் தொட்டேன். அடுத்த பக்கத்துக்குப் போவதற்குள் ஒன்று சாம்பலாகிவிட்டது, யாரோ எடுத்துவிட்டார்கள். மிச்சம் ஒன்று.

பெயர் கேட்டது.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. நீ உண்மையை எழுது என்றாய். நாலு நொடி யோசித்தேன். எனக்கும் அந்தப் பாட்டுப் பிடிக்கும், ராமுத்தாய். நாலு நொடி கழித்து உன் பெயரை அடித்தேன். பட்டன் போனில் 'டொய்ங்' என்று உன் ஓடிபி வந்தது. சத்தமாக வாசித்தேன். அவசரத்தில் ஒரு எண்ணைத் தப்பாக அடித்துவிட்டேன். நாகையா தாத்தா எழுந்து வந்து, "ஏழுன்னு வாசிச்சீக, ஒண்ணு அடிச்சிருக்கீக" என்றார். திருத்தினேன். வந்துவிட்டது. அவர் கை தட்டினார். எனக்கு அழுகை வந்தது.

டிக்கெட்டை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். உன் சிம்மும் அதே லேபிளுக்குள் இருக்கிறது. வந்த செய்தி எதையும் திறக்கவில்லை, மேலாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேஸ் சிலிண்டர் பதிவாகிவிட்டது.

டிசம்பர் 21 அன்று உன்னோடு மதுரைக்கு வருவேன். கேட் வரைக்கும் கொண்டுவிட்டு வெளியே நிற்கிறேன். முடிந்ததும் சேர்ந்தே பஸ் ஏறலாம். வெளியே நிற்பது எனக்குப் பழகியதுதான். எனக்காக நீ போகாமல் மட்டும் இருந்துவிடாதே. இதைக் காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்.

பல்கீஸ்

*

ஏழாயிரம்பண்ணை
12.10.2025, ஞாயிறு

அன்புள்ள பல்கீஸ்,

டிக்கெட் வந்தது. சிம்மும் வந்தது, போனில் போட்டுவிட்டேன். இப்போதே உன்னைக் கூப்பிடலாம். கூப்பிடமாட்டேன். கூப்பிட்டால் உன் குரலைக் கேட்டதும் அழுவேன், சொல்ல வந்தது எல்லாம் நின்றுபோகும்.

இது மூன்றாவது தாள். முதல் தாளில், நீ இல்லாமல் போகமாட்டேன், டிக்கெட்டைக் கிழித்துப்போடுகிறேன் என்று எழுதினேன். கிழித்தது அந்தத் தாளைத்தான். இரண்டாவது தாளில், இரண்டு பேரும் வெளியே நின்று கேட்டுவிட்டு வரலாம் என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். நாலு நொடி உன் ஆசையை அடக்கி வாங்கிய டிக்கெட்டை வீணாக்க எனக்கு என்ன கொழுப்பா? நான் உள்ளே போவேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு போவேன்.

ஷெட்டில் எல்லாரிடமும் டிக்கெட்டைக் காட்டினேன். முனியராஜ் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நெசமாவே எடுத்துட்டீகளே மதினி" என்றான். சிரித்தவர்கள் யாரும் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அந்த ஜன்னலைப் பற்றி நான் இதுவரை உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. அந்த இரண்டு மாதமும் வலியில் எனக்கு நாள் கிழமை தெரியாது. உன் பாட்டு வந்தால் செவ்வாய் அல்லது வெள்ளி என்று தெரியும். இன்னும் மூன்று நாள் பொறுத்தால் மறுபடி வரும் என்று பொறுத்தேன். அப்படித்தான் பிழைத்தேன். நீ ஒரு தடவைகூட உள்ளே வரவில்லை, பாட்டு மட்டும் வந்தது.

டிக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்னவெல்லாம் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று போட்டிருக்கிறது. ராஜகனியை வாசிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன். தண்ணீர் பாட்டில் கூடாது, குடை கூடாது, பட்டாசு கூடாது. பட்டாசு என்றதும் சிரித்துவிட்டோம். செல்போன் கூடாது என்று எங்கேயும் இல்லை. நன்றாகக் கேட்டுக்கொள், பல்கீஸ். பதினாறு வருடமாகக் கேட்டில் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிறேன். அங்கே என் போனை யாரும் வாங்கி வைக்கமாட்டார்கள். என்னோடு உள்ளே வரும்.

உன் எண்ணை இன்னும் தடையிலிருந்து எடுக்கவில்லை. டிசம்பர் 21 வரைக்கும் எடுக்கவும் மாட்டேன், அதுவரை எழுது. அன்றைக்கு நீ வெளியே சுவரோரம் நல்ல இடமாகப் பார்த்து உட்கார். பேட்டரி நிறைய வைத்திரு. மழைப் பாட்டு தொடங்கும்போது விரல் முட்டியால் அழுத்தி உன்னைத்தான் கூப்பிடுவேன். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பேன். கை வலித்தாலும் இறக்கமாட்டேன்.

மணி அடித்ததும் எடு. எடுத்துவிட்டு, எங்கே இருக்கிறாய், தெரிகிறதா, அழுகிறாயா என்று ஆரம்பிக்காதே.

பேசாத. கேளு மட்டும்.

ராமுத்தாய்